நானாவை யாராலும் விற்க வைக்க முடியாத நாள்

பங்குச் சந்தை திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, திரை முழுக்கச் சிவப்பு. பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை என்று நாடே தெருவில் நின்ற காலம். கண்டியில் ஒரு ஷெயார் புரோக்கர் கிளையில் நான் முதலீட்டு ஆலோசகர். வத்தேகம தோட்டத்துக் குடும்பத்தில் டை கட்டி வேலைக்குப் போன முதல் ஆள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. அன்று அது கொஞ்சம் இறங்கியது.

முகாமையாளர் தில்லைநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். அறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்: "செல்வம், கிரெடிட் லிஸ்டில இருக்கிற ஆக்கள் எல்லாருக்கும் கோல் எடும். பின்னேரத்துக்குள்ள காசு கட்டாட்டி விக்கிறதுதான்!"

கிரெடிட் என்பது புரோக்கர் தரும் வட்டிக் கடனில் ஷெயார் வாங்குவது. விலை ஏறும்போது சொர்க்கம். இறங்கினால், வாங்கியவரைக் கேட்காமலே விற்றுக் கடனை எடுத்துக்கொள்வார்கள். இதற்கு ஃபோர்ஸ் செல்லிங் என்று பெயர். நான் போனில் கோல் எடுத்தவர்களிடம் இருந்தவை நல்ல கம்பெனி ஷெயார்கள்தான். "கொஞ்சம் பொறுங்க தம்பி, ஏறும்" என்று அழாத குறையாகக் கெஞ்சினார்கள். ஏறும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பொறுக்கும் உரிமை அவர்களிடம் இல்லை.

விழுந்த வேகத்தில் சந்தையை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து வந்து நின்றார் நவ்ஃபர் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அக்குறணையில் மிளகு, கராம்பு வியாபாரி. மகள் ஸஃப்னாவை வைத்தியம் படிக்க வைக்க வேண்டும் என்று வருடக்கணக்காக ஷெயார் சேர்த்து வந்தவர். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"செல்வம் தம்பி, சந்தை தொறந்த ஒடனே எல்லாத்தையும் வித்துடுங்க. புள்ளட படிப்புக் காசு கரைஞ்சி போகுது."

கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. நான் போனில் பேசியதைக் கேட்டிருப்பார் போலும். "யாருட ஷெயார விக்கப் போறீங்க?" என்றார். கிரெடிட் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த லிஸ்ட்ல என்ட பேரும் ஈக்கிதா?"

"இல்லங்க நானா. நீங்கதான் கிரெடிட் எடுக்கவே இல்லையே."

"வட்டி ஹராம் தம்பி" என்று மார்க்கத்தைச் சொல்லி ஒவ்வொரு முறையும் மறுத்தவர் அவர். கொமிஷன் ஆசையில் நானும் விடாமல் வற்புறுத்தியிருக்கிறேன். இப்படிப் பயந்தால் இவர் எப்போது பணக்காரர் ஆவது என்று தேநீர் நேரத்தில் கிண்டலும் செய்திருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நானா யோசித்தார். "அப்ப என்னைய விக்கச் செல்லி யாருக்கும் கட்டாயப்படுத்த ஏலாதா?"

"ஏலாது நானா. கம்பெனிங்க நல்லாத்தான் இருக்கு. புள்ள படிக்கப் போக இன்னும் மூணு வருசம் இருக்குல்ல?"

"மொளகு வெல உழுந்தா நான் மூட்டைய ரோட்டுல கொட்டுறல்ல. ஸ்டோர்ல போட்டுப் பூட்டுவேன்." இப்போதுதான் உட்கார்ந்தார். "விக்க வேணாம் தம்பி."

சந்தை மீண்டும் திறந்தது, இன்னும் விழுந்தது. பட்டியலில் காசு கட்ட முடியாதவர்களின் ஷெயார்களை என் கையாலேயே விற்றேன். நானா விற்கவில்லை. அடுத்த மாதங்களில், மிளகு விற்ற காசில் இன்னும் கொஞ்சம் வாங்கினார்.

மூன்று வருடம் கழித்து, ஸஃப்னாவுக்கு வெளிநாட்டில் வைத்தியம் படிக்க இடம் கிடைத்தது. அதற்குள் சந்தை எழுந்து, பழைய விலைகளைத் தாண்டிப் போயிருந்தது. தகப்பனும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். முதல் வருடக் கட்டணத்துக்கு மட்டும் விற்கச் சொன்னார் நானா. மிச்சம் அப்படியே கிடந்து வளரட்டுமாம்.

"இது நானே விரும்பி விக்கிறது தம்பி. யாரும் விக்க வெச்சதில்ல." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முகாமையாளர் தில்லைநாதன் எழுந்து வந்து கை கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸஃப்னா சிரித்தாள். "அங்கிள், நீங்க கிரெடிட் எடுக்கச் சொன்னா மட்டும் கேக்க வேணாம்டு வாப்பா செல்லி ஈக்கிறாங்க."

நீண்டகால முதலீடு என்று நானும் மேடை போட்டுப் பேசியவன்தான். இப்போதெல்லாம் புதிதாக வருகிறவரிடம், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்று நான் கேட்பதில்லை. இந்தக் காசை இடையில் யாராவது திருப்பிக் கேட்க முடியுமா என்று கேட்கிறேன். முடியும் என்றால், கொமிஷன் போனால் போகட்டும், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.