து மாவ்லினின் ரோட்டோர வயல்

எங்கள் ஊரில் து மாவ்லினைப் போல நெல் விளைவிக்க ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். யூரியா போடப் போடப் புளிப்பேறுகிற இந்தத் தென்சீன ஜியாங்சி மாகாணச் செம்மண்ணில் வருஷத்துக்கு இரண்டு போகம் எடுத்து, சிறந்த விவசாயி என்று மூன்று தடவை சிவப்புக் காகிதப் பூவை நெஞ்சில் குத்திக்கொண்டவர். அந்தத் திமிர் இருக்கத்தானே செய்யும்!

விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வான் என்கிற வாத்தியார் பரிசோதனைக்கு இடம் தேடி வந்தபோது, மாவ்லின் தன் நிலத்தையே கொடுத்தார். ரோட்டோர வயலுக்கு வெறும் யூரியா. அதன் பின்னால் குளத்தை ஒட்டிய வயலுக்குப் பாதி யூரியா, பாதி மக்கின பன்றி எரு. ஐந்து வருஷம் இப்படியே.

"ஒரு கூடை எருகூட இடம் மாறக் கூடாது அண்ணே," என்றார் வான்.

"எனக்கே பாடமா வாத்தியாரே?"

ஐந்தாம் வருஷம், ஓடை நாறுகிறது என்று பன்றிக்கொட்டகைகளை இடிக்க உத்தரவு வந்தது. மாவ்லினின் மனைவி சியூமெய்க்கு நாற்பது பன்றி. புருஷனைவிட அவற்றோடுதான் அதிகம் பேசுவாள். ஊர்ச் செயலாளர் ஒரு தவணை கொடுத்தார். பரிசோதனையில் இந்த ஜூலை அறுவடையிலும் எரு வயல் ஜெயித்தால் கொட்டகை நிற்கும். தோற்றால் இடிப்பு.

"பயப்படாதடி. எரு வயல் கண்ண மூடிக்கிட்டு ஜெயிக்கும்," என்றார் மாவ்லின். பொய்யில்லை. நாலு வருஷமாக அதுதான் முந்தியிருந்தது. யூரியா வயல் வருஷத்துக்கு வருஷம் வெளிறி, திட்டுத் திட்டாக மஞ்சளடித்துக் கிடந்தது.

வந்த வினை என்னவென்றால், அந்த மஞ்சள் வயல்தான் சந்தைக்குப் போகிற வழியில் இருந்தது. குளத்துப் பக்கம் எவன் போகிறான்? டோஃபு விற்கிற ஹைசுவான் தினமும் அங்கே வண்டியை நிறுத்துவான்.

"என்னண்ணே, வயலுக்கு மஞ்சக்காமாலையா? பூ வாங்கின கை நடுங்க ஆரம்பிச்சிருச்சா?"

மானஸ்தனால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏப்ரலில், நாற்று நடுவதற்கு முன்னால், ஊரே சாப்பிட்டுவிட்டு மதியத் தூக்கத்தில் கிடந்த நேரம், தோளில் காவடிக் கம்பை வைத்து எருக்குழியிலிருந்து இரண்டு வாளி தூக்கினார். ரோட்டோர வயலுக்குத்தான். கொஞ்சம் பச்சை ஏறினால் போதும், அவ்வளவுதான் ஆசை. ஆசை எங்கே நிற்கும்? பதினோரு மதியம் தூக்கினார். முழு அளவு யூரியாவையும் மறக்காமல் தூவினார்.

"எரு இவ்ளோ சீக்கிரம் கொறையுதே?" என்றாள் சியூமெய்.

"குளத்து வயலுக்குத்தான். எல்லாம் உன் பன்னிங்களுக்காகத்தான்."

அன்று சாப்பாட்டில், மிளகாய் போட்டு வதக்கின புகையூட்டின இறைச்சியில் பெரிய துண்டை அவர் கிண்ணத்தில் வைத்தாள். மனுஷன் அதையும் தின்றார்.

ஜூலையில் அறுத்து எடை போட்டார்கள். ரோட்டோர வயல் குளத்து வயலைத் தோற்கடித்திருந்தது. ஹைசுவான் அன்று வண்டியை நிறுத்தாமலே போனான். களத்து மேட்டில் மேடை போட்டு, கூட்டம் கூட்டி, மாவ்லின் நெஞ்சில் நாலாவது பூவைக் குத்தினார்கள்.

"புளிச்ச மண்ணுக்கும் வெறும் யூரியாவே போதும்னு அண்ணன் நிரூபிச்சிட்டாரு!" என்றார் வான். செயலாளர் இடிப்புப் பட்டியலை எடுத்து ஏதோ எழுதினார். முன்வரிசையில் சியூமெய் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாவ்லின் அவளைப் பார்த்தார்.

"நான் அந்த வயல்லயும் எரு போட்டேன்!" என்று கத்தினார். "இது யூரியாவோட விளைச்சல் இல்ல!"

கூட்டம் அவரையும் சியூமெய்யையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் ஒரே சிரிப்பு.

"பொண்டாட்டிக்குப் பயந்து என்னமா அவுத்து விடறாரு பாருங்கடா!" என்றான் ஹைசுவான்.

"கொட்டகையக் காப்பாத்த இப்படியா பொய் சொல்றது?" என்று செயலாளரும் சிரித்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருமையை விட்டு உண்மை பேசினார், பாவம், ஒருத்தனும் நம்பவில்லை. மேடையிலிருந்து குதித்து வயலுக்கு ஓடினார். அறுத்த தாளுக்கு நடுவே இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டினார். வந்தது விறைத்த பன்றி மயிரும் மக்காத உமியும். பின்னாலேயே ஓடிவந்த வான், குனிந்து அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கையக் கழுவுங்க அண்ணே," என்றார் மெதுவாக. "அறிக்கை நேத்தே மேலிடத்துக்குப் போயிடுச்சு."

வரப்பில் சியூமெய் நின்றிருந்தாள். மயிரையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். தன் பன்றி மயிர் அவளுக்குத் தெரியாதா? திரும்பி நடந்தாள்.

பன்றிகளை விற்று அனுப்பிய மறுநாள் புல்டோசர் வந்தது. காலி கொட்டகைக் கதவில் சியூமெய் நாலு பூக்களையும் வரிசையாக ஆணியடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?" என்றார் மாவ்லின்.

"இடிக்க வர்றவன் தெரிஞ்சுக்க வேணாமா," என்றாள் அவள், "எவ்ளோ பெரிய விவசாயி வீட்டுக் கொட்டகைய இடிக்கறோம்னு."