நிங்கவ்வா சொல்லக் கூடாத சொல்

கர்நாடகத்தில் கதக் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாப்பாட்டுக்கடை நடத்தும் நிங்கவ்வாவின் வாயில் எப்போதும் ஒரு சொல் நிற்கும்: "ஆதங்க." சோள மாவு வரத் தாமதமானால் ஆதங்க. மழை பெய்தால் ஆதங்க, பெய்யாவிட்டாலும் ஆதங்க. கை பாட்டுக்கு ரொட்டி தட்டும், வாய் பாட்டுக்குப் புலம்பும். சாப்பிட வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"அவ்வா, இன்னைக்கு எதுக்கு ஆதங்க? கத்தரிக்காய்க்கா, சட்னிக்கா?"

"உன் வயித்தைப் பார்த்தாத்தான்டா ஆதங்கமா இருக்கு, இன்னும் எத்தனை ரொட்டி கேப்பியோன்னு!"

நம் தமிழில் ஆதங்கம் என்றால், காரியம் கைவிட்டுப் போன பிறகு நெஞ்சில் தங்கிக் குமைவது. கன்னடத்தில் அப்படி இல்லை. இன்னும் நடக்காத ஒன்று இன்றைக்கே வயிற்றைக் கலக்குகிறதே, அதுதான் ஆதங்க. இரண்டும் ஒரே வடமொழித் தாய் பெற்ற பிள்ளைகள்தாம். ஒன்று முன்னால் ஓடிப்போய் அழுகிறது, இன்னொன்று பின்தங்கி நின்று அழுகிறது. மூன்றாவது பிள்ளை ஒன்று இந்தியில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது நிங்கவ்வாவுக்குத் தெரியாது.

அவள் மகள் சுவர்ணா மல்யுத்தக்காரி. மகள் மோதுவதை நிங்கவ்வா ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள், ஹளியாள் ஊரில் நடந்த போட்டியில். களத்தோரம் நின்று, "ஆதங்கமா இருக்கே, ஆதங்கமா இருக்கே" என்று விடாமல் அரற்றியதில் மகளுக்குக் கால் பின்னிக்கொண்டது. தோற்றுப் போனாள். அதோடு அம்மாவுக்குத் தடை போட்டுவிட்டாள்.

இப்போது ஹரியானாவில், ரோத்தக்கில் தேசியப் போட்டி. நிங்கவ்வா அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் சம்மதம் வாங்கினாள்.

"வா. ஆனா அந்தச் சொல் மட்டும் உன் வாயிலேர்ந்து வரக் கூடாது. வந்துச்சுன்னா இனிமே எந்தப் போட்டிக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போமாட்டேன் யவ்வா."

"உன் தலை மேல சத்தியம்டி. வாயே தொறக்க மாட்டேன்."

சொன்னபடியே இருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அரையிறுதியைப் பார்த்தாள். சுவர்ணா எதிராளியை அப்படியே அள்ளி மல்லாத்தினாள் பாருங்கள், அரங்கமே எழுந்து நின்றுவிட்டது! வடக்கத்திக் கூட்டத்துக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. மைக்கில் பேசுகிறவனுக்கு அதைவிடப் பிடித்துப் போயிற்று. இறுதிப் போட்டிக்கு அவள் மெத்தையில் கால் வைத்ததும் தொண்டை கிழியக் கத்தினான்.

"கதக் கா ஆதங்க்! சுவர்ணா! கர்நாடகா கா ஆதங்க்!"

நிங்கவ்வாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயிற்சி கொடுக்கும் ஹனமந்த மாஸ்தர் கீழே மெத்தையருகே இருந்தார். விளக்கிச் சொல்ல மேலே ஒருவருமில்லை.

"அடப்பாவி, என் பொண்ணு பயந்து கெடக்கான்னு மைக்குலயா சொல்லுவே?"

பக்கத்திலிருந்த ஹரியானாக்காரி அவள் தொடையில் தட்டி, "ஆதங்க் ஹை, ஆதங்க்!" என்று குதித்தாள். மகள் பயப்படுவதற்கு இத்தனை கைதட்டலா? என்ன ஜனங்கள் இவர்கள் என்று நிங்கவ்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் பாதியில் சுவர்ணா நான்கு புள்ளி கொடுத்துவிட்டாள். உடம்பு அவள் சொன்னபடி கேட்கவில்லை, தொட்டாலே பின்வாங்கியது. இடைவேளை விட்டார்கள். நிங்கவ்வா முந்தானையை உருவி எறிந்துவிட்டு, நாற்காலிகளைத் தாண்டி, கம்பித் தடுப்பில் போய் முட்டிக்கொண்டு கத்தினாள்.

"ஆதங்கப்படாதேடி தாயீ! அந்த மைக்குக்காரன் கெடக்கான்! ஜெயிச்சாலும் ரொட்டி உண்டு, தோத்தாலும் ரொட்டி உண்டு! ஆதங்க வேண்டாம்டி!"

கூட்டத்துக்கு அதில் விளங்கியது ஒரே ஒரு சொல். விடுமா? "ஆதங்க்! ஆதங்க்!" என்று அரங்கம் அதிர்ந்தது. சுவர்ணா நிமிர்ந்து பார்த்தாள். கம்பியில் முகம் நசுங்கக் கத்திக்கொண்டிருந்த அம்மாவைக் கண்டதும் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் மணி அடித்தது.

அப்புறம் நடந்ததைக் கதக்கில் இன்றைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்கள். இடுப்பைப் பிடித்தாள், புரட்டினாள், இரண்டு தோளும் மெத்தையில் ஒட்ட அமுக்கினாள். முடிந்தது!

மாஸ்தர் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார். "அக்கா, நம்ம ஆதங்க வேற, இவங்க ஆதங்க் வேற. இந்தியில அது குலைநடுங்க வைக்கிற பயங்கரம். புகழ்ந்துதான் சொன்னான்."

நிங்கவ்வாவின் சந்தோஷமெல்லாம் வடிந்தது. சத்தியமும் போயிற்று, மானமும் போயிற்று. கழுத்தில் பதக்கத்தோடு வந்த மகளை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்லிட்டேன்டி. தப்பாக் காதுல வாங்கிட்டு, நானே கத்தித் தொலைச்சிட்டேன். இனிமே கூட்டிட்டு வராதே."

சுவர்ணா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மகளின் கை இன்னும் பயத்தில் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"தப்பா இல்ல யவ்வா. இவ்வளவு பேர் கேட்டாங்க, நீ ஒருத்திதான் சரியாக் கேட்டே."