மஞ்சள் கண்ணும் ஒரு பொய்யும்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்தார் அலோசியஸ். சாமியார் வராத ஞாயிறுகளில் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாரும் அவர்தான். குடித்துவிட்டு வருகிறவர்களை எல்லார் முன்னாலும் பெயர் சொல்லித் திட்டுவார். அப்படி வந்த அன்டன் என்ற தோட்டத் தொழிலாளியை ஒருமுறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குப் பெருங்குடலில் புண் என்று கண்டுபிடித்தார்கள். மலத்தோடு இரத்தம் போகும். ஜெபத்தின் நடுவில் எழுந்து ஓட வேண்டி வரும். கிளினிக் வரிசையில் பக்கத்து லய வீடுகளின் ஆட்கள் பார்த்துவிடுவார்களோ என்று கூசி, மருந்தெடுக்கப் போவதை நிறுத்தினார். மனைவி ஜோசப்பினிடம் குணமாகிவிட்டதாகச் சொன்னார்.

இந்த வருடம் கண் மஞ்சளித்தது. உடம்பெல்லாம் அரிப்பு. "உபதேசியார் ஒளிச்சுக் குடிக்கிறாரு" என்று பேச்சு கிளம்பியது. ஜோசப்பின் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டொக்டர் நிலக்ஷிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"ஈரல்ல கோளாறு தெரியுது ஐயா. குடிப்பீங்களா?"

வேறு எதையும் அவள் துருவிக் கேட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், "ஆமாங்க மிஸ், குடிப்பேன்" என்றார்.

ஜோசப்பின் விருட்டென்று திரும்பினாள். "பொய் சொல்றாருங்க. ஒரு சொட்டு தொட்டதில்ல. ரெண்டு வருஷமா இவருக்குக் குடல்ல புண்ணு, இன்னும் ரத்தம் போகுது. விடியமுன்ன எழும்பி இடுப்புல கட்டுற சாரத்த அவரே அலசுறாரு, நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு."

அலோசியஸ் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல்கள் எரிந்தன.

"இத முதல்லயே சொல்லணும் ஐயா" என்றாள் நிலக்ஷி. "குடல்ல இந்தப் புண் வருத்தம் இருக்கிற சிலருக்கு, ஈரல்ல இருந்து பித்தம் போற குழாய் சுருங்கிப்போகும். குடின்னு எழுதியிருந்தா நான் அதத் தேடியிருக்கவே மாட்டேன்."

கண்டியில் எடுத்த ஸ்கேனில் அதுவே தெரிந்தது. மிகவும் ஒடுங்கியிருந்த இடத்தை, வாய் வழியாகக் கருவி விட்டு விரித்தார்கள். மஞ்சள் இறங்கியது. முழுதாகக் குணமாகாது, ஈரலையும் குடலையும் தவறாமல் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

ஊர் திரும்பியதும், அவர் குடியை விட்டுத்தான் மஞ்சள் இறங்கியது என்று நம்பி அன்டன் தனியாக வந்தான். "குடிய எப்படி விட்டீங்க அண்ணே? எனக்கும் சொல்லுங்களேன். விடத்தான் பாக்குறேன், முடியல."

அவன் கிண்டல் செய்யவில்லை. அது தெரிந்ததும் அலோசியசுக்கு ஆஸ்பத்திரியில் வந்ததைவிட அதிகம் வெட்கம் வந்தது.

"நான் குடிச்சதே இல்லப்பா. மலத்துல ரத்தம் போச்சு. சொல்ல வெக்கப்பட்டு, டொக்டர்கிட்ட குடிகாரன்னு சொன்னேன்."

"எங்களயெல்லாம் பேர் சொல்லித் திட்டுனீங்களே அண்ணே" என்றான் அன்டன்.

அலோசியசால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உள்ள வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.