துண்டுக்குள் நாலு விரல்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இளவழகனுக்கு இது நடந்தது பட்டப்பகலில், மேச்சேரியில், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்த வீட்டில். கட்டிவிட்ட கதை இல்லை. அன்றைக்குத் துண்டுக்குள் கைவிட்ட இரண்டு பேரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு அவருடைய மாமனார் மாதையனுடையது. ஆட்டு வியாபாரி. அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவருடைய ஒரே மகள், இளவழகனின் மனைவி சரிதாவுக்கு இதயத்தில் கோளாறு, புதன்கிழமை ஆபரேஷன். வீட்டுக்கு அட்வான்ஸ் வந்தால்தான் ஆஸ்பத்திரியில் கட்ட முடியும். வீடு வாங்கத்தான் ஆளில்லை. அந்தத் தெருவிலேயே மூன்று வீடுகளில் 'விற்பனைக்கு' பலகை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நாற்பது லட்சம் என்று ஆரம்பித்து முப்பதுக்கு இறங்கியும், வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இளவழகனுக்குத் தூக்கம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் கரீம் பாஷா வந்தார். சேலத்துத் தோல் வியாபாரி, ஆட்டுச் சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர். வாசலில் புரோக்கர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். விலை வெளியே தெரிய வேண்டாம், சந்தை வழக்கப்படி துண்டுக்குள் பேசிக்கொள்ளலாம் என்றார் பாஷா. துண்டால் மூடிக்கொண்டு எதிராளியின் விரலைப் பிடிக்க வேண்டும். ஒரு விரலுக்குப் பத்து லட்சம்.

துண்டுக்கு எங்கே போவது? ஆணியில் மாமனாரின் பச்சைத் துண்டு தொங்கியது. இளவழகன் எடுத்து உதறினார். எட்டு மாதத் தூசி பறக்கவில்லை. ஆட்டு வாடைதான் அடித்தது, இப்போதுதான் பட்டியிலிருந்து வந்த மாதிரி.

இருவரும் துண்டுக்குள் கையை விட்டதும் இளவழகன் மூன்று விரலைப் பிடித்தார்.

அந்தக் கை அவருடைய நாலு விரலைப் பிடித்தது.

வாங்க வந்தவர் விலையை ஏற்றுவாரா? தவறிப் பிடித்துவிட்டார் போல என்று மறுபடி மூன்றைப் பிடித்தார்.

மறுபடியும் நாலு. இறுக்கமாக... சில்லென்று...

மேச்சேரி வெயிலில் ஒரு கை இப்படிக் குளிருமா? நிமிர்ந்து பார்த்தார். பாஷாவுக்கு வேர்த்து ஊற்றியது. அவரும் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டு நடுவில் புடைத்திருந்தது. இரண்டு கைக்கு அவ்வளவு புடைக்காது.

"சரிதாவுக்குப் புதன்கிழமை ஆபரேஷனுங்க. முப்பது போதும், முடிச்சுக் குடுங்க," என்றார் இளவழகன் துண்டைப் பார்த்து, தணிந்த குரலில்.

பிடி ஒரு கணம் தளர்ந்தது.

பிறகு... நாலு விரலும் நெரிந்தன.

மடக்.

"நாப்பது," என்றார் பாஷா. "முடிஞ்சுதுங்க. உடுங்க... கைய உடுங்க."

அட்வான்ஸை வைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மறு மாதம் கிரயம். பதிவு ஆபீஸ் வாசலில் பாஷா இளவழகனுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார்.

"நான் ரெண்டு வெரல்தானுங்க புடிச்சேன். திருப்பி நாலைப் புடிச்ச கை, நானும் நாலைப் புடிக்கற வரைக்கும் உடவே இல்லீங்க. துண்டுக்குள்ள ஒத்துக்கிட்ட வெலைய நான் மாத்தறதில்ல, அதனால குடுக்கறேன். ஆனா அந்தக் கையில மோதிர வெரல் பாதிதானுங்க இருந்துச்சு."

மாமனாருக்கு ஆட்டுத் தீனிக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷினில் போனது அந்த விரல்தான். இளவழகன் சரிதா எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தோடு உள்ளே போனார். கையெழுத்துப் போட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து சரிதாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் தன் நாலு விரலையும் மறு கையால் பிடித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, பேச்சு நின்ன அன்னிக்கு அப்பா வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே என்னோட நாலு வெரலையும் புடிச்சுக்கிட்டாரு. ஆட்டைக் கேக்கறாருன்னு நெனச்சு நாலு ஆட்டை ஓட்டியாந்து காட்டுனோம். உடவே இல்ல. உசுரு போனதுக்கப்புறமும் பிரிச்செடுக்க ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சுங்க."