கொட்டகை நிறைய டீசல்

தொண்ணூறுகளில் வெளிநாட்டில், பாபகூராவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், நெடிய உருவம். நின்றுபோன டிராக்டரின் டீசல் பம்பை, மெக்கானிக்காகப் போன நான் கழற்றியபோது, ஒழுகிய சொட்டையெல்லாம் டின்னில் ஏந்தினார். பம்பின் உள்பாகம் வறண்டு, தேய்ந்து, இறுகியிருந்தது. மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்.

“இதையா ஊத்துனீங்க? பம்பே போச்சு. டீசல் இல்லையா?”

“கிடக்கு தம்பி.”

கொட்டகையைத் திறந்தார். முதலாளி கொடுத்த டீசல் அத்தனையும் கேன் கேனாகக் கூரைவரை நின்றது. எதிர்ச் சாலையிலேயே பெட்ரோல் பங்க்.

“ஊரில சண்டைக்குள்ள டீசல் வர விடேல்லை. மண்ணெண்ணெயிலதான் ஓட்டினனாங்கள். இங்கயும் ஒருநாள் மறிச்சால்?”

புதுப் பம்பை மாட்டிவிட்டு டீசல் ஊற்றச் சொன்னேன். கேன் மூடியில் கை வைத்தவர், அதை இன்னும் இறுக்கித் திருகினார்.