மணிக்குப் பன்னிரண்டு சுற்று

அன்று காலை எங்கள் தையல் லைனில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். லைன் சூப்பர்வைசர், என்னைவிட இருபது வயது இளையவர். செக்கிங் மேசையில் ஓர் அம்மா, முப்பது வருடமாகப் பனியனில் ஓட்டை தேடுகிறவர். ஓவர்லாக் மிஷினில் ஒடிசாக்காரர், பாதி தமிழ் பாதி இந்தி. மற்ற மிஷின்களில் முப்பத்தைந்து பேர். கடைசி மேசையில் அயர்ன் பாக்ஸோடு நான்.

முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனி. வெள்ளிக்கிழமை என்றால் முதல் ஒரு மணி நேரம் சாமிப் பாட்டு. சூப்பர்வைசர் போனில் இன்டர்நெட் ரேடியோவைப் போட்டு ஸ்பீக்கரில் விடுவார். யார் பாடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. வேலைக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஏழாவது பாட்டோ எட்டாவதோ, ஒரு காவடிப் பாட்டு வந்தது. முதல் அடியிலேயே என் கை நின்றுவிட்டது.

பாடியது என் மனைவி. அவள் செத்துப் பதினோரு வருடம்.

"ஏனுங்ணா! துணி கருகுதுங்ணா!" சூப்பர்வைசர் ஓடிவந்து என் கையிலிருந்த அயர்ன் பாக்ஸைத் தூக்கினார். வெள்ளைப் பனியனில் பெட்டி அளவுக்குப் பழுப்பு. இருபத்திரண்டு வருடத்தில் நான் கருக்கிய முதல் துணி.

"அது எங்க ஊட்டுக்காரிங்க," என்றேன்.

"எதுங்ணா?"

"பாட்டு."

செக்கிங் அம்மா சிரித்தார். "சூடு தலைக்கேறிருச்சாட்டங்குது. ஒரு சொம்பு தண்ணி குடுங்க அண்ணனுக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஒடிசாக்காரர் மிஷினை விட்டு எழுந்து தன் போனைத் தூக்கிப் பிடித்தார். "அண்ணா, சச்சீ? நெஜமா? உங்க பீவி?"

ஆமாம், மனைவிதான் என்று தலையாட்டினேன். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வந்தது.

அந்தப் பாட்டு வந்த கதை சின்னது. வீரபாண்டியிலிருந்து பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தில் அவள் பாடுவாள். கூட வந்த மைக் செட்டுக்காரர் ஒருவர் பல்லடத்தில் கேசட் போட்டு விற்றார். அவரே பாட்டும் எழுதினார், மெட்டும் போட்டார். அவள் பாடினாள். ஒரு சேலையும் கொஞ்சம் பணமும் தந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். எங்கள் வீட்டிலிருந்த கேசட் நாடா சிக்கி அறுந்துபோனது. அவள் போனபோது எங்களிடம் பட்டன் போன்தான். போட்டோ இரண்டு உண்டு. குரல் எங்கும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்துக்குப் பஸ் ஏறினேன். மைக் செட்டுக்காரர் வயதாகி, கடையிலேயே உட்கார்ந்திருந்தார். பழைய கேசட்டையெல்லாம் ஒருவரை வைத்து நெட்டில் ஏற்றிவிட்டாராம்.

"கேக்கறவங்க கணக்குக்கு ராயல்ட்டி வருமுங்க. ஒருக்கா கேட்டா பைசாவுல ஒரு துணுக்கு. எத்தனவாட்டி ஓடுதுன்னு பாட்டு ஆப்புக்காரங்க மிஷினே எண்ணிக்கும்."

"பாடுனவங்களுக்கு?"

"அன்னைக்கு ஜாப் ஒர்க் மாதிரி மொத்தமாக் குடுத்து முடிச்சாச்சுங்க. ஆனாலும் பங்கு உண்டு, இல்லைன்னு சொல்லமாட்டேன். நீங்க இறப்புச் சான்று, வாரிசுச் சான்று கொண்டாங்க. பாடியவர்னு அம்மா பேரப் போட்டறலாம். ஒரு அளவு சேந்தாத்தான் பணம் அனுப்புவாங்க. அப்ப சீட்டுல அவங்க பேரு வரும்."

பாட்டின் கீழே அதுவரை 'குழுவினர்' என்றுதான் இருந்தது.

அவள் பதினாறு வருடம் பனியனில் நூல் பிசிறு வெட்டினாள். கையில் காசு கொடுப்பார்கள், சம்பளச் சீட்டு கிடையாது. அவள் பெயர் அச்சில் வந்த காகிதம் ரேஷன் கார்டும் இறப்புச் சான்றும்தான். எனக்கு அந்தச் சீட்டு வேண்டும் என்று தோன்றியது. பாட்டுக்கு ஒரு காப்பி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நெட்டில் இருப்பது எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் சொன்னேன்.

"அட, பீஸ் ரேட்டுங்ணா!" சூப்பர்வைசர் கையைத் தட்டினார். "பாட்டு அஞ்சு நிமிசம். மணிக்குப் பன்னண்டு சுத்து. உங்க பட்டன் போன விட்டா நம்ம லைனுல முப்பத்தெட்டு போனு. டார்கெட் போட்டு அடிச்சரலாம்."

"உம் போன்ல எப்பவும் சினிமாதான ஓடும். சாமிப் பாட்டு ஓடுனா போனே திடுக்குனு போயிரும்," என்றார் செக்கிங் அம்மா.

"நீங்க உங்க போன எடுங்கம்மா மொதல்ல."

எடுத்தார். எல்லோரும் எடுத்தார்கள். சாப்பாட்டுப் பை வைக்கிற அலமாரியில் போன்களை வரிசையாக அடுக்கினார்கள். கம்பெனி வைஃபை. பாட்டு ஆப்பில் தேடி எடுத்த அதே பாட்டு திரும்பத் திரும்ப. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார்கள், முதலாளிக்குக் கேட்கக் கூடாது என்று. புரொடக்‌ஷன் போர்டின் ஓரத்தில் சூப்பர்வைசர் மணிக்கொருமுறை எழுதினார். 456. 456. மதியம் ஒரு போன் சார்ஜ் இறங்கிவிட்டது. 444.

"யாரும்மா அது, உற்பத்தியக் கொறைக்கறது?" என்று கத்தினார். லைனே சிரித்தது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அயர்ன் மேசையிலிருந்து அந்த அலமாரி தெரியும். முப்பத்தெட்டுப் போனிலும் அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. டீ நேரத்தில் மட்டும் ஒடிசாக்காரர் தன் போனில் சத்தம் வைத்து என் காதில் பிடிப்பார்.

சனிக்கிழமை வரை ஆறு நாள் ஓடியது.

அடுத்த புதன்கிழமை மைக் செட்டுக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, என்ன பண்ணுனீங்க?"

"என்னங்க?"

"ஒரே எடம், ஒரே நெட்டு, நாளெல்லாம் ஒரே பாட்டுன்னு அவிங்க மிஷின் கண்டுபுடிச்சிருச்சுங்க. கள்ளக் கணக்குன்னு பாட்டையே தூக்கிட்டாங்க. பணமும் இல்லைன்னுட்டாங்க."

"மறுபடி ஏத்துங்க."

"எதை ஏத்தறதுங்க? ஏத்துன கம்ப்யூட்டர் கெட்டுப்போய் எடைக்குப் போட்டாச்சு. கேசட் பொட்டி மழைல நனஞ்சு நாலு வருசமாச்சு. நெட்டுலதான் இருக்குதேன்னு இருந்துட்டனுங்க."

அவரும் என்னைப் போலத்தான் நினைத்திருக்கிறார்.

நான் போனை வைத்தேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் தன் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பாட்டின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. தொட்டால் ஓடவில்லை. ஒவ்வொருவராகப் போனை எடுத்துப் பார்த்தார்கள். முப்பத்தெட்டிலும் அப்படியே.

"நான்தானுங்ணா..." என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார். போர்டு ஓரத்தில் எழுதியிருந்ததைக் கையாலேயே அழித்தார்.

அன்று மிஷின்கள் ஓடின. நான் என் பங்குத் துணியைத் தேய்த்து முடித்தேன். எதுவும் கருகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை அவளை ஆஸ்பத்திரியில் இழந்தேன். இந்தத் தடவை நானும் சேர்ந்து பாட்டைச் சுற்றவிட்டு இழந்தேன். இப்படித்தான் எனக்குப் பட்டது.

மறுநாள் காலை ஒடிசாக்காரர் மிஷினில் உட்காராமல் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணா, அந்த வெள்ளிக்கிழமை நான் வீடியோ எடுத்தேன். என் வீட்டுக்கு அனுப்பினேன். அயர்ன் அண்ணா பீவி பாட்றாங்கன்னு. என் போன்ல ஜாகா, எடம் இல்ல, அழிச்சிட்டேன். ராத்திரி என் பீவிகிட்ட கேட்டேன். அவ வச்சிருக்கா. திருப்பி அனுப்பிட்டா."

போனைக் காட்டினார். கருகிய பனியன் தெரிந்தது. அயர்ன் மேசை அருகே வாயைத் திறந்தபடி நான். மற்ற மிஷின்களின் இரைச்சல். அதற்கு அடியில் அவள். மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் மூச்சை இழுத்து நிறுத்துவாளே, அதுவும் இருந்தது. பாட்டு முழுக்க இல்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கீழே தெரிந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

நாற்பத்தொரு விநாடி.