கதவோரச் சீற்

வான் ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் குழி எங்கே என்று தெரிந்தால் போதாது, அவசரத்துக்கு ஒதுங்க இடம் எங்கே என்றும் தெரிந்திருக்க வேண்டும். சண்டைக் காலத்தில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக் கிளினிக்குக்கு நோயாளரை ஏற்றிப்போனபோது அப்படி ஓர் இடமும் இருக்கவில்லை. ரோட்டோரப் பற்றைப் புதருக்குள் கால் வைத்தால் கண்ணிவெடி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ரோட்டில் போனவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

சீற் பிடித்தல்

கல்லடிப் பூமணி அக்காவுக்குக் கதவோரச் சீற்தான் வேண்டும். கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய்க்குக் கரண்ட், அதுதான் கதிர் வைத்தியம், பிடித்துச் சுகப்பட்டவர். சில வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு குடல் சொல்வழி கேட்காமல் போய்விட்டது. வந்தால் அடக்க முடியாது. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"நோய் என்னை விட்டுட்டு மனே, வைத்தியம்தான் இன்னும் விடல்ல."

வரிசை

ஒருமுறை சென்றி என்கிற சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அக்காவை முதலில் விடச் சொல்லி என் அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டான் சிப்பாய். அவர் முறை வந்தபோது சேலை பாழாகியிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். சிப்பாய்க்கும் முகம் சுண்டிவிட்டது. தெரிந்த தமிழில் சொன்னான்:

"பயம் வேணாம் அம்மா. நாங்க சுட இல்ல."

மாப்பிள்ளை வீட்டு வான்

அதற்குப் பிறகு கிளினிக்கைத் தவிர அக்கா எங்கும் போகவில்லை. அதற்கும் முதல்நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவார். ஒரே மகனுக்கு வாழைச்சேனையில் பெண் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்ற என் வான்தான். கதவோரச் சீற்றை அவருக்கென்று வைத்திருந்தேன். பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு படலை வாசல் வரை வந்தார்.

"வழியெல்லாம் சென்றி மனே. மாப்பிள்ளைட தாய் அந்தக் கோலத்தில நிண்டா அவனுக்குத்தான் வெட்கம். நீங்க போங்க."

திரும்பி வரும்போது

அடுத்த கிளினிக்கில், பட்டினி வயிற்றோடு மயங்கி விழுந்தார். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பக்கத்திலிருந்து ஆறுதலாகக் கேட்டபோதுதான், இரத்தமும் போகிறது என்பது வெளியே வந்தது. பழைய நோய் திரும்பிவிட்டது, மறுபடி கரண்ட் பிடிக்கச் சொல்வார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார். டாக்டர் சோதித்துப் பார்த்தார். நோய் திரும்பவில்லை, கரண்ட் பட்ட குடல் வருஷங்கள் கழித்து இப்படிப் புண்ணாவதுண்டு, மருந்தால் தணிக்கலாம் என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அக்காவுக்கு மட்டும் இறங்கவில்லை. திரும்பி வரும் வழியில் சொன்னார்:

"முதலே வாயத் திறந்திருந்தா, என்ட மகன்ட கலியாணத்தப் பாத்திருப்பன் மனே."

கொழும்பு வரை எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்த எனக்கு, இந்தா இருக்கிற வாழைச்சேனைக்கு ஒரு தாயைக் கொண்டுபோக முடியாமல் போனதுதான் மிச்சம்.